தைலம்மாளுக்கு ஒரு எக்கோ பெட்டி

பாட்டின் மூன்றாவது அடியிலேயே தைலம்மாள் மறுபடியும் நிறுத்திவிட்டார். ஹெட்போனைக் கழற்றி, அது கடிக்க வந்ததைப் போல மேஜைமேல் தள்ளி வைத்தார்.

"நான் பாடப் பாட எவளோ ஒருத்தி பின்னாலயே பாடிக்கினு வர்றா பாப்பா. பழிச்சிக் காட்ற மாதிரியே கீது."

"அது உங்க கொரலுதான்க்கா. கம்ப்யூட்டருக்குள்ள போயித் திரும்பி வர கொஞ்சம் நேரமாவுது."

"எங்கொரலு எங்கிட்ட வர்றதுக்கு இன்னாத்துக்கு நேரம்?"

செந்தமிழ்ச்செல்விக்குப் பதில் தெரியும். சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. குரலைத் துலக்குவது, எக்கோ சேர்ப்பது எல்லாமே பிளகின் எனப்படும் குட்டி நிரல்களின் வேலை. அவளுடைய பழைய கம்ப்யூட்டரை அவசரப்படுத்தினால் கடுகு பொரிவது போலச் சத்தம் போடும். நிதானமாக வேலை செய்யவிட்டால் குரல் தாமதமாக வரும். எக்கோவே வேண்டாம் என்று அணைத்துவிட்டாலோ தைலம்மாள் வாயே திறக்க மாட்டார்.

கச்சிராயபாளையத்தில் வீட்டு மாடி அறையில் மெத்தைக்கடை ஸ்பாஞ்சைச் சுவரில் ஒட்டி அவள் ஸ்டுடியோ வைத்து எட்டு வருடம் ஆகிறது. ஆட்டோவில் கட்டி ஊரைச் சுற்றும் ஜவுளிக்கடை விளம்பரம், காதுகுத்து வீடியோவுக்குப் பின்னணி இசை, உரக்கடைத் திறப்பு விழா அறிவிப்பு. எட்டு வருடமும் இதேதான். பாட்டு என்று வந்தது இப்போதுதான். கரியாலூருக்கு அந்தப் பக்கத்து மலை ஊரில் கம்பு, சாமை விதைக்கிற தைலம்மாள், கோவில் திருவிழாக்களில் பாடும் பதினோரு அம்மன் பாட்டுகள். பதிவு செய்து தரக் கேட்டவர், அந்தத் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டும் ஆதிமூலம். ஆடி பிறப்பதற்குள் வேண்டும். 'ஒலிப்பதிவு: செந்தமிழ்ச்செல்வி' என்று முதன்முறையாக ஒரு சிடி உறைமேல் பெயர் வரும்.

"வர்ற வியாழக்கெழம வர்றேன்" என்றார் தைலம்மாள், பையை எடுத்துக்கொண்டே. "அன்னிக்கும் இவ பின்னால பாடுனான்னா சேலத்துக்குப் போயிர்றேன். ஆதிமூலம் அங்க ஒரு எடம் கீதுன்றாரு."

பிளகின்களை மட்டும் சுமக்கத் தனியாக ஒரு பெட்டி வாங்கியே ஆகவேண்டும். எதை என்பதில்தான் செல்வியின் முதல் மூன்று நாளும் போனது. ஒன்று மூடிய பெட்டி. மின்னலாக வேலை செய்யும். குரல் கம்ப்யூட்டரைத் தொடாமலே காதுக்குத் திரும்பிவிடும். ஆனால் அதைச் செய்த கம்பெனியின் பிளகின் மட்டுமே அதில் ஓடும். வருடக்கணக்காக அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததெல்லாம் வெளியே நிற்கவேண்டியதுதான். இன்னொன்று திறந்த பெட்டி. எல்லா பிளகினும் ஓடும். அதுவும் கடைசியில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். கொஞ்சம் தாமதமும் உண்டு, அரிசி மில் மாதிரி இரைகிற ஒரு ஃபேனும் உண்டு. இணையத்தில் கேட்டாள். பதினேழு பேர் பதில் போட்டார்கள். பதினாறு பேர் கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னார்கள். ஒருவர் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்திருந்தார்.

ஆதிமூலத்திடமும் கேட்டுத் தொலைத்தாள்.

"எத்தன வாட்ஸும்மா?"

"இதுக்கு வாட்ஸ் கெடயாதுண்ணா."

"வாட்ஸே இல்லாத பொட்டிய வாங்கி இன்னா பண்ணப்போற? பொங்க வக்கப்போறியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு மூடிய பெட்டிக்கே ஆர்டர் போட்டாள். புதன்கிழமை வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை காலை தைலம்மாளும் வந்தார்.

செல்வி பெட்டியில் இருந்ததிலேயே அழகான எக்கோவைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஏதோ வெளிநாட்டு மண்டபத்தின் ஓசை, பட்டுத்துணி விரித்தது போல. குரல் துளியும் பின்தங்கவில்லை. தைலம்மாள் முதல் அடியைப் பாடினார். நிறுத்தினார். காத்திருந்தார். எதற்கோ காது கொடுத்தபடியே இருந்தார்.

"ஏங்க்கா நிறுத்திட்டீங்க? இப்பதான் அவ பின்னால வர்லியே!"

"அவ வர்ல. ஆனா எக்கோவும் வர்லியே."

"இதாங்க்கா எக்கோ! இத விட நல்ல எக்கோ உலகத்துலயே கெடயாது!"

"கெணத்துக்குள்ள நின்னு பாட்ற மாதிரி கீது. கடைசி வார்த்த மூணு வாட்டி திரும்பி வரணும் பாப்பா. மூணாவது வந்து வுழுந்தாத்தான் நான் அடுத்த அடிய எடுப்பேன். தாளம் போட எனக்கு யாரு கீறா?"

செல்விக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. எக்கோ என்றால் குரலுக்குப் பூசும் பவுடர் என்று நினைத்து மூன்று நாளும் பவுடராகத் தேடியிருக்கிறாள். இந்த அம்மாளுக்கு அதுதான் உடுக்கை.

போனை எடுத்தாள். "அண்ணா, உங்க செட்டுல எக்கோ குமிழு எங்க நிக்கிது?"

"அத ஏன் கேக்கற? பசங்க திருவித் திருவி வுடறானுங்கன்னு பசை ஊத்தி ஒட்டிட்டேன். பன்னெண்டு வருசமாச்சி."

அதாவது, பன்னிரண்டு வருடமாக ஒட்டிப்போன ஒரு குமிழின் கணக்கில்தான் தைலம்மாள் பாடிவருகிறார்.

"அந்த பொட்டி வேணும்னா எடுத்தாரட்டா?"

"ஒண்ணும் வேணாம்!" போனை வைத்தாள்.

வெளிநாட்டு மண்டபத்தை அணைத்தாள். பெட்டியில் இருந்ததிலேயே மட்டமான, வெறுமனே திருப்பித் திருப்பிச் சொல்லும் எக்கோவைப் போட்டாள். "தாயேன்னு மட்டும் சொல்லுங்க."

"தாயே."

"இப்ப?"

"வெரசா வருது. தொரத்திக்கினு வர்றா மாதிரி."

"இப்ப?"

"ரொம்ப தள்ளிப் போச்சி."

நாற்பது 'தாயே' ஆயிற்று. கீழே பக்கத்து வீட்டுக்காரி, யாருக்கு என்ன ஆனது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நாற்பத்தோராவதில், மூன்றாவது 'தாயே' காதில் விழுந்த கணத்தில் அடுத்த அடியைப் பிடித்த தைலம்மாள், பாட்டை முடித்துத்தான் மூச்சு விட்டார்.

எக்கோ அவர் காதுக்கு மட்டும். கம்ப்யூட்டரில் பதிவானது சுத்தமான குரல். வெளிநாட்டு மண்டபத்தின் பட்டுத்துணியைப் பிறகு சாவகாசமாக விரித்துக்கொள்ளலாம். அதற்கு, தன் செட்டு எக்கோவே வேண்டும் என்னும் ஆதிமூலத்திடம் எவ்வளவு சண்டை போடவேண்டியிருக்கும் என்பது வேறு கதை.

ஏழாவது பாட்டின் நடுவே செல்வி மணியைக் காட்டினாள். மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தைலம்மாள் கண்ணைத் திறக்காமலே கையை அசைத்து, போகட்டும் என்றார். அவர் பாடட்டும் என்று விட்டுவிட்டு, இனி ராத்திரிக்கு இந்த அம்மாளுக்கும் சேர்த்து உலை வைக்கவேண்டும் என்று முணுமுணுத்தபடி செல்வி மாடிப்படி இறங்கினாள்.