மாலை போட்டவன் அடைத்த பீர் பீப்பாய்

எனக்குப் பீர் நாற்றம் ஆகாது. அதுவும் ரூமுக்குள் புளிக்க வைக்கிற பீர் இருக்கிறதே, சீ, புளித்த மாவில் ஈரச் சாக்கை ஊறப்போட்ட மாதிரி ஒரு வாடை. துபாய்ப் பக்கம் புஜைராவில், லேபர் கேம்ப்பில் ஆறு பேர் இருந்த எங்கள் ரூமில் அந்த வாடை என் கட்டிலுக்கு அடியிலிருந்துதான் வந்தது.

பீப்பாய் எங்கள் ரூமில் இருந்த கிரேன் ஆபரேட்டருடையது. வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். வேலையை முடித்துக்கொண்டு நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கேஸை உள்ளேயே அடக்கி வைக்கிற பிளாஸ்டிக் பீப்பாய், மேலே திருகு மூடி. மால்ட், சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் போட்டு, வேறு இடமில்லை என்று என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

நான் அப்போது ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்த மகளுக்காக வேண்டிக்கொண்டது. ஒன்பது நாளில் லீவு, ஊருக்குப் போய் நேரே மலை. கறுப்பு வேட்டியும் விரதமுமாக நான் மேலே படுத்திருக்க, கீழே அது புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். என்ன ஜென்மங்களோ என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கேம்ப்புக்குப் பொறுப்பான கேம்ப் பாஸ் ரூம் ரூமாகச் சோதனை போடுகிறார் என்று செய்தி வந்தது. மாட்டினால் ஆறு பேருக்கும் போலீஸ், அப்புறம் விசா கேன்சல். லீவு ஏது, மலை ஏது.

“கொட்டித் தொலைங்கண்ணே,” என்றேன்.

“எங்க கொட்டுறது? பாத்ரூம்ல ஊத்துனா பிளாக் முழுக்க நாறும். நீ பைப் ஃபிட்டர்தான சாமி, லீக்கை மட்டும் அடைச்சுக் குடு.”

மாலை போட்டவனைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். சாமிக்கு வந்த வேலையைப் பாருங்கள்.

சோப்புத் தண்ணீரைத் தடவினேன். மூடியைச் சுற்றிக் குமிழ் கிளம்பியது. சைட்டில் இரும்புக் குழாயோடு மாரடித்த கை, ரெஞ்சைப் போட்டு முறுக்கினேன். லீக் இரண்டு மடங்கானது. பிளாஸ்டிக் மூடியை அப்படி இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் பிதுங்கிவிடும் என்று அப்புறம்தான் உறைத்தது. மெல்லத்தான் திறந்தேன். அப்படியும் நுரை பொங்கி முகத்தில், மார்பில், மாலையில் வழிந்தது. வாயிலும் இரண்டு சொட்டு. துப்பித் துப்பி வாயைத் துடைத்தேன். இத்தனை வருஷம் தொடாத எழவை விரதத்தில் ருசி பார்த்தேன்.

கேம்ப்பில் வெறுங்காலோடு நடந்து வெடித்த குதிகாலுக்கு வாசலின் வைத்திருந்தேன். வாஷரைக் கழுவி, அதைத் தடவி, மூடியைக் கையாலேயே திருகினேன். குமிழ் நின்றது. அண்ணன் என் பூஜைச் சாம்பிராணியை எடுத்து ரூம் முழுக்கப் புகை போட்டார். எடுக்கட்டுமா என்று என்னைக் கேட்கக்கூட இல்லை. நான் குளித்துவிட்டு வரவும் கேம்ப் பாஸ் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அவர் மலையாளி. மூக்கை உறிஞ்சினார், மற்ற ஐந்து பேரையும் நம்பாமல் பார்த்தார். என் கழுத்து மாலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

“சாமி சொன்னா மதி, அது போதும். இந்த ரூமில கள்ளு உண்டோ?”

“இல்ல சார்,” என்றேன்.

கட்டிலுக்கடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என்னைக் கும்பிட்டுவிட்டு அடுத்த ரூமுக்குப் போனார்.

“நம்ம சாமி காப்பாத்திட்டாரு,” என்று அண்ணன் சிரித்தார். அன்று மத்தியானமே மூடியைத் திறந்து குடித்தார்கள். அவர்கள் மேல் வந்த அருவருப்பைவிட என் மேல் வந்ததுதான் பெரிது. மாலையைக் கழற்றி ஊருக்குக் கொண்டுபோகிற பெட்டியில் அப்படியே போட்டேன்.

லீவு கிடைத்தது. வீட்டில் மனைவி இருமுடிக்குத் தேங்காயும் நெய்யும் வாங்கி வைத்திருந்தாள். என் கழுத்தைப் பார்த்தாள்.

“மாலை எங்க?”

“அறுந்துடுச்சு.”

“அவ்வளவுதான? குடுங்க, கோத்துத் தர்றேன்,” என்று கையை நீட்டினாள்.