நோகாமல் குத்திய கை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது தவராசா அண்ணையின் மகள் வசந்தியின் அழைப்பு வந்தது. "அண்ணை, அப்பா மோசம் போயிட்டார்" என்றாள். அழவில்லை. "விடிய தேத்தண்ணி கேட்டவர். நான் ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ளை எல்லாம் முடிஞ்சுது" என்றாள். பொறுக்கிய கத்தரிக்காயை நிறுக்கச் சொல்லி, வாங்கிக்கொண்டுதான் சந்தையை விட்டு வெளியே வந்தேன். சாவுச் செய்தி கேட்டவன் கத்தரிக்காய் வாங்குவானா என்று நீங்கள் கேட்கலாம். நான் வாங்கினேன்.

பின்னேரம் புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தபோது வசந்தி வீட்டு வாசற் படலையில் கோயில் நிர்வாகம் பதாகை கட்டி முடித்திருந்தது. தவராசா அண்ணையின் படம். அதன் கீழே பெரிய எழுத்தில், 'நோகாமல் குத்திய கை ஓய்ந்தது.' அதைக் கண்டதும் எனக்கு வந்தது துக்கமல்ல, கோபம். செத்த வீட்டில் கோபப்படக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி வசந்தி கேட்டிருக்கிறாள். எழுதியதை அவளிடம் வாசித்தும் காட்டிவிட்டேன். "போடுங்கோ" என்று சொல்லிவிட்டாள். ஆகவே முதுகில் தழும்புள்ள எல்லோருக்கும் சொல்கிறேன். அந்தப் பதாகையில் இருப்பது பொய். அது உங்களுக்கும் தெரியும்.

அவரை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். தவராசா அண்ணை எங்கள் கடற்கரை முருகன் கோயில் திருவிழாவில் செடில் குத்துகிறவர். நேர்த்தி வைத்துக் காவடி எடுப்பவரின் முதுகுத் தோலில் கொளுக்கி போன்ற முள்ளுகளை வரிசையாக ஏற்றி, அவற்றில் கயிறு கட்டிவிடுவார். பின்னாலிருந்து ஒருவர் அந்தக் கயிற்றை இழுத்துப் பிடிக்க, காவடிக்காரர் ஆடிக்கொண்டு வீதி சுற்றுவார். கை சரியில்லாதவர் குத்தினால் முதுகில் இரத்தம் வடியும். தவராசா அண்ணை குத்தினால் ஒரு சொட்டும் வராது. அது சத்தியமான உண்மை. நோகாது என்பதுதான் பொய்.

கடல் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தும் வள்ளத்தில் கால் வைத்தால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுக்கிற மனிதர் அவர். அண்ணன் தம்பிமார் கடலுக்குப் போக, அவர் கரையிலிருந்து கிழிந்த வலை பொத்துவார். ஊர் அவரைச் சும்மா விடவில்லை. கரையில் நின்று சத்தி எடுக்கிறவன் என்று வாய்க்கு வந்த பட்டமெல்லாம் வைத்தது. அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் கோயிலுக்கு வந்தார். பஜனைக்காரர்களோடு பாடப் போனார். நாலாம் நாளே, தாளம் மட்டும் போட்டால் போதும் என்றார்கள். தாளமும் பிழைத்தது. மாலை கட்டப் போனார், அவர் பிடித்த பிடியில் பூ நசிந்தது. அன்னதானத்துக்குச் சோறு காய்ச்சப் போய் அடிப்பிடிக்க விட்டார். "முருகன் எனக்கும் ஏதோ ஒண்டைத் தந்துதான் அனுப்பியிருப்பான். எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறான் எண்டுதான் தெரியேல்லை" என்று அந்தக் காலத்தில் சொல்லித் திரிவாராம்.

தூண்டில் கொளுக்கி கையில் ஏறிய மீனவர்களுக்கு அதைக் கழற்றிவிடுவது மட்டும் அவருக்கு வந்தது. அதை ஒரு கெட்டித்தனமாக அவரும் நினைக்கவில்லை, மற்றவர்களும் நினைக்கவில்லை. ஒரு வருடம் செடில் குத்த வருகிறவர் திருவிழா அன்று வரவில்லை. காவடிகள் வரிசையில் நிற்க, நிர்வாகம் தலையைப் பிய்த்துக்கொண்டது. யாரோ ஒருவர், "கொளுக்கியைக் கழட்டத் தெரிஞ்சவனுக்கு ஏத்தவும் தெரியுந்தானே, தவராசாவைக் கூப்பிடுங்கோ" என்றார். அன்று அவருக்கு முன்னால் முதலாவதாக முதுகைக் காட்டிக் குனிந்தவர் என் தாய்மாமன்.

மாமா அசையவில்லை. இரத்தம் வரவில்லை. "நோகுதோ?" என்று தவராசா அண்ணை கேட்க, "பூக்கொண்டு தடவின மாதிரி இருக்கு" என்று மாமா சத்தமாகச் சொன்னார். கூட்டம் அரோகரா போட்டது. தவராசா அண்ணை அந்த இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதாராம். ஒளித்து வைத்திருந்தது கிடைத்துவிட்டது.

மாமா தன் கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தபோது உள்ளதைச் சொன்னார். விரதத்தின் நடுவில் ஒருநாள் ஆசை தாங்காமல் விளைமீன் குழம்பு தின்றுவிட்டாராம். விரதம் சுத்தமாக இருந்தால் முள்ளு நோகாது என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. நொந்தது என்று சொன்னால் மீன் மச்சம் தின்றதை ஒப்புக்கொண்ட மாதிரி. "அம்மாளாணை, உயிர் போய் வந்தது. ஆனா வாயைத் திறக்கேலுமே?" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குப் பிறகு வந்தவர்களில் மச்சம் தின்னாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் நொந்தது. எனக்கு மட்டும் நோகிறதே, விரதத்தில் எங்கே பிழை விட்டேன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்து, ஒவ்வொருவரும் நோகவில்லை என்றார்கள். மகளின் இருதய ஒப்பரேசனுக்காக நேர்த்தி வைத்து நானும் பல வருடம் அந்த வரிசையில் போய் நின்றவன்தான்.

இதனால் தவராசா அண்ணை கனிந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். கனியவில்லை, கடுத்துப் போனார். முருகனே கையில் வந்து நிற்கிறான் என்று நம்புகிறவருக்கு எவரிடமும் பதமாகக் கதைக்கத் தேவையில்லை. ஆரேனும் முகத்தைச் சுளித்தால் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி, "என்ன திண்டனி?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகக் கேட்பார்.

ஒருமுறை யோகன் என்ற பெடியன் எனக்கு முன்னால் நின்றான். காய்ச்சலில் பிழைத்ததற்காகத் தாய் வைத்த நேர்த்தி. இரண்டாவது முள்ளு ஏறியதும் "ஐயோ அம்மா" என்று கத்திவிட்டான். தவராசா அண்ணை ஏற்றிய இரண்டு முள்ளையும் இழுத்தெடுத்தார். "மச்சம் திண்ட முதுகிலை என்ரை முள்ளு இருக்காது. எழும்பிப் போ" என்றார். தாய் ஓடிவந்து காலில் விழுந்தாள். "மூண்டு கிழமையா ஒருநேரச் சோறு, என்ரை கையாலைதான் குடுத்தனான்" என்று கத்தினாள். அவர் அவளைப் பார்க்கவும் இல்லை. "அடுத்த ஆள்" என்றார். அடுத்த ஆள் நான். எனக்கும் முள்ளு ஏறியது, நானும் நோகவில்லை என்றேன். யோகனுக்குப் பேசியிருந்த கலியாணம் அந்த மாதமே குழம்பியது. கோயிலில் பொய் சொன்னவன் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். தாயும் மகனும் ஊரை விட்டுப் போனார்கள். இதையெல்லாம் நினைவு மலரில் எழுத வேண்டுமா என்றால், வேறு எங்கே எழுதுவது?

சீனி வருத்தம் முற்றி அவருடைய ஒரு காலை எடுத்தார்கள். மகள் புத்தூருக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். எடுத்த கால் நோகிறது என்று கத்துவார். மருந்துக் குளிசை வேண்டாம் என்று துப்பிவிட்டு வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பார். "சீனி வருத்தக்காரன் பட்டினி கிடந்து என்னைக் கொல்லுறார் அண்ணை" என்று வசந்தி என்னிடம் முறையிட்டாள். ஒருநாள் பார்க்கப் போனபோது என்னைக் கட்டில் விளிம்பில் இருக்கச் சொன்னார்.

"விரதம் பிடிச்சும் நோகுதடா. ஒரு மணி பிசகேல்லை. அப்பிடியிருந்தும் நோகுது. நீ வாத்தி, பிள்ளையளுக்குக் கணக்குப் பிழைச்சால் பிழையெண்டு சொல்லுறனி. எனக்கும் உள்ளதைச் சொல்லு. நான் குத்தேக்கை உனக்கு நொந்ததோ?"

அவருடைய தலைமாட்டில் நின்ற வசந்தி, வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தாள். நான் அதைக் கண்டேன்.

"ஓம் அண்ணை. நொந்தது."

"எப்ப?"

"எல்லாத் தரமும்."

"மற்றவங்களுக்கு?"

"எல்லாருக்குந்தான்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "அப்ப யோகன்?" என்றார்.

ஏன் சொன்னீங்கள் என்று வசந்தி இன்றைக்கும் என்னைக் கேட்கிறாள். கேட்ட மனிதருக்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான். அவரும் தன் வாழ்நாளில் எவருக்கும் மருந்தில் தேன் கலந்து கொடுத்தவரில்லை.

யோகன் இப்போது பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு எடுக்கச் சொல்லித் தவராசா அண்ணை அடம்பிடித்ததால் வசந்தி தொலைபேசியில் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கட்டிலில் வைத்தாள். தவராசா அண்ணைக்கு மூச்சு வாங்கியது. "யோகன், நான் தவராசா கதைக்கிறன். உன்ரை விரதத்திலை ஒரு பிழையுமில்லை மோனை. அம்மாவிட்டையும் சொல்லு" என்றார். அம்மா செத்துப்போய்க் கனகாலம் என்று யோகன் சொன்னான். பின்னால் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவனே கேட்டான்.

"காலை எடுத்ததெண்டு கேள்விப்பட்டன். நோகுதோ?"

"ஓம் மோனை. நோகுது."

"விரதம் பிழையாக்கும்" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

வசந்தி தொலைபேசியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். தவராசா அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "பாத்தியே, என்ன கைக்காரன். ஒரு சொட்டு இரத்தமில்லை" என்றார். யோகன் மேல் எனக்குக் குறையில்லை. அவன் கொடுக்கவேண்டியதைத்தான் கொடுத்தான். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே இருக்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியாக நான் போனபோது உரத்துக் கதைக்கப் பெலனில்லாமல் இருந்தார். நான் போட்டிருந்த சேட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றிவிட்டுத் திரும்பி இருந்தேன். விரலை என் முதுகில் வைத்து ஒவ்வொரு தழும்பாகத் தடவினார். "நோகுமெண்டு முதலே தெரிஞ்சிருந்தால் உன்ரை மாமனோடையே விட்டிருப்பன். திரும்பவும் போய் வலை பொத்தியிருப்பன். உங்கள் எல்லாற்றை வாயையும் கட்டிப்போட்டு என்னட்டை வேலை வாங்கியிருக்கிறான், பொல்லாதவன்" என்றார். முருகனைத்தான் சொன்னார். அதைத் திட்டாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய முகத்தைப் பார்ப்போம் என்று திரும்பினேன். "சேட்டைப் போடு, வசந்தி வாறாள்" என்றார்.

அவரை எரித்து மூன்று கிழமையில் திருவிழா வந்தது. நிர்வாகம் சாவகச்சேரிப் பக்கமிருந்து ஒருவரைப் பிடித்து வந்தது. மேசன் வேலை செய்கிறவர், நாற்பது வயதிருக்கும். காவடிக்கு ஒருநாளும் குத்தியவரில்லை. இந்த முறை நொந்தால் நொந்தது என்று கோயில் வீதி அதிரக் கத்துவது என்ற முடிவோடுதான் நான் விரதம் பிடித்தேன். பதாகைக்கு அதுதான் சரியான பதில் என்று நினைத்திருந்தேன்.

குனிந்து நிற்கும்போது அந்த மனிதர் என் காதுக்குள் சொன்னார்: "அண்ணை, கோயிலுக்கு ஏதும் செய்யோணுமெண்டு எனக்குக் கன நாளா ஆசை. எதைத் தொட்டாலும் சரிவராது. இதாவது வருமோ எண்டு பாக்கிறன்." முதல் முள்ளு இறங்கியது. தவராசா அண்ணை குத்தியதை விட மோசம். முதுகில் சூடாக இரத்தம் வழிவது தெரிந்தது. அவர் கையை எடுத்துவிட்டு முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நோகுதோ அண்ணை?"

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"இல்லைத் தம்பி. குத்து" என்றேன்.

தவராசா அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொய் ஒன்றுதான். கட்டிலில் கிடந்து கேட்டபோது அவருக்கு அதைச் சொல்லாமல் விட்டேன். யாரோ ஒரு சாவகச்சேரிக்காரருக்குச் சொன்னேன். முருகன் தன் கையைக் காட்டித் தந்துவிட்டான் என்று அவர் இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம். மெய்யாகவே அவருக்கு அந்தக் கை வரக்கூடும், ஆர் கண்டது? அவரை அறிந்தவர்கள் உங்களில் இருந்தால், தயவுசெய்து இந்த மலரை மட்டும் அவர் கண்ணில் காட்டிவிடாதீர்கள்.