சூடேறாத லாரி

டார்லினுக்குக் கோபம் வரும் என்று சொல்வது தப்பு. கோபம் எந்நேரமும் அவளிடம்தான் குடியிருந்தது. பசி, தூக்கம், சிரிப்பு இவைதான் அவ்வப்போது வந்து போகும். பாளையங்கோட்டையில் அவள் அம்மா சாரம்மாள், மகளின் கோபம் தணிய வேண்டும் என்று ஞாயிறுதோறும் தனியாக ஒரு ஜெபம் வைத்திருந்தாள். அது காதில் விழுந்தால் டார்லினுக்கு இன்னும் கொஞ்சம் ஏறும்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் கங்கைகொண்டான் பக்கம் ஒரு லாரி சர்வீஸ் நிலையத்தில் வேலை கொடுத்தார்கள். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி நாற்காலி காட்டும் வேலை. ஒரு மழைக்காலம் முழுக்கக் காட்டினாள். பிறகு ஒரு நாள் மேனேஜரைக் கூப்பிட்டு, "இனி நீங்க காட்டுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள்.

அதன்பிறகுதான் சொந்தமாக ஸ்கேனர் வாங்கினாள். டிபன் பெட்டி அளவில் ஒரு கருவி. கம்ப்யூட்டர் வைத்த லாரிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் வயரைச் செருகினால் என்ஜினின் மூளை தனக்குத் தெரிந்ததைத் திரையில் சொல்லும். புது லாரிகள் கேட்காததையும் சேர்த்து ஒப்பிக்கும். பழைய லாரிகள் அப்படியில்லை. ஹெட்மாஸ்டர் அறையில் நிற்கும் பையனைப் போல, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில்.

லாரி முதலாளி ஜேசுதாசன் அண்ணாச்சி வாங்கியது அப்படி ஒரு பழைய லாரி. கம்ப்யூட்டரே இல்லாத தன் அரதப்பழசை விற்றுவிட்டு இதை வாங்கியிருந்தார். விற்றவன் சொன்ன மைலேஜ் கிடைக்கவில்லை. டீசலைப் பானகம் மாதிரிக் குடித்தது. ஒரு காலையில் டார்லினை ஷெட்டுக்கு வரச் சொன்னார். அவள் வயரைச் செருகினாள், என்ஜினை ஓடவிட்டாள், திரையைப் பார்த்தாள். எந்தக் கோளாறும் பதிவாகவில்லை.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு முன்னால் லாரி ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வாரம் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் ஷேக் மைதீன் கிளாஸை அவள் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வார்த்தைல பூதத்தானைச் சாச்சுட்டியே தாயி."

"நான் என்ன செஞ்சேன்?"

"வண்டில கோளாறு இல்லன்னு நீதான சொன்ன. அப்ப டீசல் எங்க போச்சு? டிரைவர் உறிஞ்சி வித்துட்டான்னு ஜேசுதாசன் இங்கன நின்னு சொன்னாரு. அத்தனை பேரு முன்னாலயும். திருடன்னு பேரெடுத்தவனுக்கு இனி எவன் ஸ்டியரிங்க கொடுப்பான்? ஸ்ரீவைகுண்டம் மண்டியில வாழைத்தார் சுமக்கான்."

டார்லின் டீயைக் குடிக்கவில்லை. பூதத்தானை அவளுக்குத் தெரியும். ஜேசுதாசனின் பழைய லாரியை வருஷக்கணக்காக ஓட்டியவர். வண்டியை நிறுத்தினால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைத் துடைப்பார். முதலில் ஜேசுதாசன் மேல் கோபம் வந்தது. அடுத்து ஸ்கேனர் மேல். அதற்கும் கீழே இன்னொரு ஆள் மேல் வந்த கோபத்தை மட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நேராக ஷெட்டுக்குப் போனாள்.

"லாரிய இன்னொரு தடவை பாக்கணும் அண்ணாச்சி. காசு வேண்டாம்."

காசு வேண்டாம் என்றதும் ஜேசுதாசன் நாற்காலியை விட்டு எழுந்தார். "பாரேன் பிள்ள."

"ரோட்டுல ஓட்டிப் பாக்கணும். பூதத்தான் அண்ணன்தான் ஓட்டணும்."

உட்கார்ந்துவிட்டார். "அந்தக் களவாணிப்பய என் வண்டியத் தொடக்கூடாது."

"அப்ப நீங்களும் வாங்க. பக்கத்துல உக்காந்து டீசலுக்குக் காவல் இருங்க."

மறுநாள் திருச்செந்தூர் ரோட்டில் அந்த லாரி போனதைப் பார்த்தவர்கள் சாவு வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம். மண்டியிலிருந்து டார்லின் கூட்டிவந்த பூதத்தான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜேசுதாசன் ஜன்னலுக்கு வெளியே எல்லா வாழைத்தோப்பையும் விலைக்குக் கேட்பவர் போலப் பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் டார்லின், மடியில் ஸ்கேனர். இந்த முறை கோளாறுப் பட்டியலை அவள் தொடவே இல்லை. ஓடும்போது என்ஜின் காட்டும் எண்களை வரிசையாகத் திறந்து வைத்திருந்தாள்.

கிருஷ்ணாபுரம் தாண்டியது. செய்துங்கநல்லூரும் தாண்டியது. வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. கேபினுக்குள் மூன்று பேரும் வெந்துகொண்டிருந்தார்கள். திரையில் என்ஜின் தண்ணீரின் சூடு மட்டும் ஐம்பத்தைந்தைத் தாண்டாமல் படுத்துக் கிடந்தது. எண்பதுக்கு மேல் நிற்க வேண்டிய எண் அது.

"வண்டி சும்மா நின்னாலும் என்ஜின் ரேஸ் கூடுதலாத்தான் நிக்கி" என்றார் பூதத்தான், ரோட்டைப் பார்த்தபடியே. "வாங்குன நாள்லேருந்து சொல்லுதேன். யாரு கேக்கா."

"சூட்டு முள் ஏறாதோண்ணே?"

பதில் ஜேசுதாசனிடமிருந்து பெருமையாக வந்தது. "ஏறாது. என் வண்டி எதுவும் சூடாகாது, பாத்துக்க. அது என் கைராசி."

டார்லின் பைய அவர் பக்கம் திரும்பினாள். "நிறுத்துங்கண்ணே."

லாரி ஓரங்கட்டியது. "தெர்மோஸ்டாட் வால்வு எங்க அண்ணாச்சி?"

"அந்தப் பித்தளைத் துண்டா? வாங்குன அன்னைக்கே கழட்டிட்டேன். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு? தண்ணி தங்குதடையில்லாம ஓடட்டும். எங்கிட்ட வார எல்லா வண்டிக்கும் முதல் வைத்தியம் அதுதான்."

டார்லின் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

"உங்க பழைய லாரிக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. அதுல எதைக் கழட்டினாலும் கேக்க ஆளில்ல. இதுக்கு இருக்கு. தண்ணி சூடாகுத வரைக்கும் ரேடியேட்டருக்குப் போகவிடாம மூடி வைக்கிற கதவு அந்த வால்வு. அது இல்லன்னா என்ஜின் சூடே பிடிக்காது. இன்னும் குளிருது, இப்பத்தான் எழுந்திருக்கோம்னு நினைச்சுக்கிட்டுக் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைக் கொடுத்துக்கிட்டே இருக்கும். நாள் பூரா. சென்சார் உண்மையைத்தான் சொல்லுது, அதனாலதான் கோளாறுன்னு எதுவும் பதிவாகல. டீசலைக் குடிச்சது நீங்க போட்ட ஓட்டை."

ஜேசுதாசன் மறுபடியும் வாழைத்தோப்பைப் பார்த்தார். இந்த முறை விலை கேட்கவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பினார்கள். அங்கே ஒரு ஆணியில் கம்பி ஒன்று தொங்கியது. அவர் இதுவரை கழற்றிய வால்வுகள் எல்லாம் வேட்டைக்காரன் வீட்டுக் கொம்புகள் போல அதில் வரிசையாகக் கோத்திருந்தன. இந்த லாரியினுடையது கடைசியில் கிடந்தது. டார்லின் அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். மூடியிருந்தது பூ மாதிரி விரிந்தது. எடுத்து ஆறவைத்ததும் மூடிக்கொண்டது. மாட்டினாள். பூதத்தான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். திரையில் எண் ஏறி, எண்பதைத் தாண்டி நின்றது. ரேஸ் இறங்கியது. டீசல் அளவும் இறங்கியது.

ஜேசுதாசன் சாவியை நீட்டினார். "சரிலே பூதத்தான். நாளைக்கு லோடு இருக்கு, வந்துரு."

பூதத்தான் கையை நீட்டவில்லை. "ஸ்டாண்டுல வச்சுத் திருடன்னீரு அண்ணாச்சி. சாவியவும் ஸ்டாண்டுல வச்சுக் கொடும்."

வண்டி ஸ்டாண்டுக்கு வந்து, ஆறிக் கிடந்தது. சரியாகக் கூட்டம் கூடும் நேரம். யாரும் கூப்பிடாமலேயே ஷேக் மைதீன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றார். ஜேசுதாசன் தொண்டையைச் செருமினார். "வண்டில ஒரு சின்ன விஷயம். சரியாயிட்டு."

"யாரு கழட்டுனான்னு சொல்லுங்க" என்றாள் டார்லின்.

"நாந்தான் கழட்டுனேன்."

"பூதத்தான் அண்ணன்?"

"எடுக்கல."

"பின்னால நிக்கவனுக்குக் கேக்கல அண்ணாச்சி" என்றார் ஷேக் மைதீன்.

"பூதத்தான் டீசலை எடுக்கல வே. போதுமா?"

பூதத்தான் சாவியை வாங்கினார். ஏறி உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டார். டார்லின் தன் ஸ்கேனரை எடுக்க அந்தப் பக்கம் ஏறினாள். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் சூட்டு முள்ளைப் பார்த்தபடி சொன்னார்.

"நீயும்தானம்மா சொன்ன, ஒண்ணுமில்லன்னு."

அவளுடைய கோபத்துக்கு இந்த ஊரில் போகாத வீடு கிடையாது. இப்போது அது எங்கும் போகாமல் அவள் மடியிலேயே நின்றது.

"சொன்னேன். நிறுத்தி வச்ச வண்டிய, ஆறிக் கிடக்கையில பாத்துட்டுச் சொன்னேன். ஓட்டிப் பாத்திருக்கணும்."

"உம்" என்றார் பூதத்தான். முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"இறங்கையில கதவ ஓங்கிச் சாத்து. பைய சாத்துனா பூட்டாது."

டார்லின் இறங்கினாள். அந்த வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கைக்குக் கொண்டுவந்து அறைந்து சாத்தினாள். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. கதவு பூட்டிக்கொண்டது.