வாடைக்குச் சாத்திய அறை

குருநகரில் செபஸ்தியம்மாவின் கையில் பிறக்காத பிள்ளை அந்தக் காலத்தில் அருமை. நெடுத்த மனுசி, கைராசிக்காரி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "முக்கடி பெட்டை, நீயென்ன ராசாவின்ரை மகளோ?" என்று கேட்டு, நோவில் கிடக்கிறவளையே சிரிக்க வைத்துவிடுவாள். ஆனால் கார்த்திகை பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கினால் அந்த வாய் அடைத்துப்போகும். காற்று கூரையை உரசும்போதெல்லாம் அவள் காதில் ஒரு பெண்ணின் குரல் விழும்.

"அக்கா, தலை இடிக்குது. கதவைத் திறவுங்கோ."

அது பெர்னடெட்டின் குரல். பெர்னடெட் செத்துப்போனது 1928 மார்கழியில்.

அவள் சூசைதாசன் என்ற வள்ளக்காரனின் பெண்சாதி. தலைப்பிள்ளை பிறந்து நாலாம் நாள். மழை விட்டபாடில்லை. பிள்ளைப்பெற்ற பச்சை உடம்பில் குளிர் ஏறினால் சன்னி கண்டு செத்துப்போவாள் என்று ஊரே நம்பியது, செபஸ்தியம்மாவும் நம்பினாள். சூசைதாசனுடையது கல்வீடு. யன்னலைச் சாத்தினாள், கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் சாக்கைத் திணித்தாள், கட்டிலடியில் சட்டி நிறையச் சிரட்டைக்கரித் தணல் வைத்தாள். பிறகு விறாந்தையில் இருந்து மல்லி இடித்துக்கொண்டிருந்தபோதுதான் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. "காற்றுப் படக்கூடாதடி, கதைக்காமல் படு" என்றாள் செபஸ்தியம்மா. இன்னொரு தரம் குரல் வரவில்லை. சரி, நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்தாள். பின்னேரம் கதவைத் திறந்து பார்த்தால், தாயும் பிள்ளையும் நித்திரைபோலத்தான் கிடந்தார்கள். பெர்னடெட்டின் கன்னம்கூடச் சிவந்திருந்தது.

காய்ச்சல் இல்லை, இரத்தப்போக்கு இல்லை. ஊர் சும்மா இருக்குமா? பேய் அடித்ததென்றது. அடுத்த மார்கழியில் பெர்னடெட்டையே பேயாக்கிவிட்டது. பிள்ளையோடு போனவள் வாடையோடு திரும்பி வருகிறாளாம், பிள்ளைப்பெற்ற வீடுகளின் யன்னலைத் தட்டுகிறாளாம். அடுத்த வீட்டுக் கோழியைக்கூடச் 'சூ' என்று விரட்டாத பெட்டைக்கு வந்த பெயரைப் பாருங்கள்! அவளுக்குப் பயந்து சனம் அறைகளை இன்னும் இறுக்கிச் சாத்தியது. ஓலைவீட்டுக்காரர் ஓட்டைகளின் புண்ணியத்தில் தப்பினார்கள். கல்வீடுகளில் மேலும் இரண்டு தாய்மார் போனார்கள். அந்தப் பழியும் பெர்னடெட்டின் தலையில்தான் விழுந்தது.

எட்டு வருடம் செபஸ்தியம்மாவும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தாள். 1936 மார்கழியில் அவளுக்கே தடிமன் பிடித்து நெஞ்சில் சளி கட்டியது. குளிர் தாங்காமல் குசினிக் கதவை அடைத்துக்கொண்டு தணல்சட்டியோடு குந்தியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை இடித்தது. எழும்பப் பார்த்தாள், கால் எழும்பவில்லை. கதவில் சாய்ந்தாள். நல்லகாலம், தாழ்ப்பாள் பழசு. கதவு திறந்து, அவள் முற்றத்து மழையில் விழுந்தாள். வாடை முகத்தில் அடிக்க அடிக்கத்தான் மூச்சு வந்தது. குமட்டிச் சத்தி எடுத்தபடியே அழுதாள். தலை இடிக்கிறதென்று பெர்னடெட் சொன்னது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அடுத்த நாளே மருந்துசாலைக்குப் போய் அப்போதிக்கரி சிவசுப்பிரமணியத்தாரிடம் கேட்டாள்.

"அது கரி விடுற நஞ்சு. கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை" என்றார் அவர். "அடைச்ச அறைக்குள்ளை ஆளை நித்திரையிலேயே கொண்டுபோயிடும். குளிருக்குக் கம்பளி சுத்தும், தலையை ஈரமாய் விடாதேயும், சுடச்சுட வேர்க்கொம்பும் மல்லியும் அவிச்சுக் குடும். அறைக்குள்ளை தணல் மட்டும் வேண்டாம். எந்த மழையெண்டாலும் யன்னல் கொஞ்சம் திறந்திருக்கவேணும்."

"செத்தவளின்ரை கன்னம் சிவக்குமோ, ஐயா?"

"ஓம், சிவக்கும். உமக்கு எப்பிடித் தெரியும்?"

செபஸ்தியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

பிறகு போன வீடெல்லாம் யன்னலைத் திறக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டால், அப்போதிக்கரியார் சொன்னார் என்பாள். அதற்குமேல் சொல்ல நா எழவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி பெர்னடெட்டைப் பற்றியல்லவா வரும்? "கிழவிக்கு மூளை குழம்பிப்போச்சு" என்று சனம் அவள் முதுகுக்குப் பின்னால் யன்னலைச் சாத்தியது.

1937 மார்கழியில் சூசைதாசனின் இரண்டாம் பெண்சாதி அற்புதராணிக்குப் பிள்ளை பிறந்தது. செபஸ்தியம்மாதான் பிள்ளையை எடுத்தாள். காலையில் யன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போனவள், மத்தியானம் வந்து பார்த்தால் அறை அடைத்துக்கிடக்கிறது. கதவுக்குக் கீழே சாக்கு. சூசைதாசனின் தாய் லூர்த்தம்மா கையில் செபமாலையோடு விறாந்தையில் இருந்தாள். சூசைதாசன் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"உள்ளை தணல் வைச்சிருக்கோ?" என்று கேட்டாள் செபஸ்தியம்மா.

"பின்னை? இந்தக் குளிருக்குள்ளை சும்மா விடச் சொல்லுறியோ?" என்றாள் லூர்த்தம்மா. "காற்றைக் கேட்டியோ? அவள் வந்திட்டாள். தன்ரை பிள்ளையைக் கொண்டுபோனது காணாதெண்டு இதையும் கேக்கிறாள்."

"அற்புதராணி! பிள்ளை, அற்புதம்!" செபஸ்தியம்மா கதவில் அடித்துக் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"தம்பி, திற."

"போங்கோ அக்கா. அவள் உள்ளை வந்திடுவாள்."

வாயைத் திறந்தால் செபஸ்தியம்மா இனி எந்த வீட்டு வாசலும் மிதிக்க முடியாது. சூசைதாசன் மீன்கத்தியைத் தூக்கினாலும் தடுக்க ஒருவருமில்லை. பேசாமல் நின்றாலோ, உள்ளே இரண்டு உயிர்.

"அவள் பேயில்லை, தம்பி. அவளைச் சாக்காட்டினது நான்."

கதவை மறித்த சூசைதாசனின் கை கீழே இறங்கியது.

"உப்பிடித்தான் சாக்குத் திணிச்சு, தணல் வைச்சு, இந்தக் கையாலை கதவைச் சாத்தினனான். தலை இடிக்குது, திறவுங்கோ அக்கா எண்டு கெஞ்சினவள். கதைக்காமல் படு எண்டு சொன்னனான். அந்தக் கரி நஞ்சு கொண்டுபோட்டுது. என்னைப் பிறகு வெட்டு. இப்ப கதவைத் திற."

சூசைதாசன் விட்ட ஒரே உதையில் கதவு திறந்தது. செபஸ்தியம்மா சேலைத்தலைப்பால் சட்டியைப் பிடித்துத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். விரல் வெந்தது பிறகுதான் தெரிந்தது. யன்னல் இரண்டையும் தள்ளித் திறந்தாள். சூசைதாசன் அற்புதராணியைத் தூக்கிவந்து விறாந்தையில் கிடத்தினான். அவள் சத்தி எடுத்து, கண் விழித்தாள். பிள்ளைதான் துவண்டு கிடந்தது. செபஸ்தியம்மா அதைக் கம்பளியில் சுற்றி, முகத்தை மட்டும் காற்றுக்குக் காட்டி, உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். "அழடா, என்ரை ராசா, அழடா" என்று அவள்தான் அழுதாள். மெதுவாகப் பிள்ளையும் சிணுங்கி, பிறகு வீடு அதிரக் கத்தியது.

லூர்த்தம்மா அவளைக் கொலைகாரி என்று ஏசினாள். அந்தப் பெயர் கனகாலம் நின்றது. இரண்டு மூன்று வருடம் செபஸ்தியம்மாவைப் பிள்ளைப்பேற்றுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. அவளோ மார்கழி மழையில் கூப்பிடாமலே போய், வாசலில் நின்று, யன்னலைத் திறந்த பிறகுதான் நகருவாள். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்குச் சூசைதாசன் கத்தியைத் தூக்கவில்லை, ஏசவுமில்லை. திறந்த யன்னலடியில் போய்க் குந்தினான். வாடை அவன் முகத்தில் நேரே அடித்தது. அவன் முகத்தைத் திருப்பவில்லை.

"ஒன்பது வருசம், அக்கா" என்றான். "யன்னல் ஆடுற நேரமெல்லாம் தீர்த்தம் தெளிச்சு, போ, போ எண்டு கலைச்சனான். என்ரை பெர்னடெட்டை."