மூத்த மருமகனின் மைலேஜ்

எனக்குப் பொறாமை அதிகம். அதிலும் சகலை மேல் வரும் பொறாமைக்கு மருந்தே கிடையாது. வேறு யார் கார் வாங்கினாலும் "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், அருமனைக்காரன், என்னைவிட இளையவன், கத்தாரில் இருந்து லீவில் வந்த கையோடு ஒரு நீளமான காரை வாங்கிப் பூதப்பாண்டியில் மாமனார் வீட்டு முற்றத்தில் கொண்டு நிறுத்தியபோது எனக்கு வயிறு எரிந்தது. அன்று அத்தை வைத்த அவியலைக்கூட இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பளபளப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் காசு இருந்தால் யாருக்கும் வரும். ஆனால் மைலேஜ் என்னுடையது. என் சின்ன டீசல் காருக்கு வயது பன்னிரண்டு. லிட்டருக்கு இருபத்திரண்டுக்குக் கீழே அதை நான் இறங்க விட்டதில்லை. ஆரல்வாய்மொழிக் காற்று எந்த மாதம் வண்டியை எந்தப் பக்கம் தள்ளும், எந்த இறக்கத்தில் காலை எடுத்தால் வண்டி தானாக உருண்டு பாலத்தைத் தாண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மாமனார் வீட்டில் நான் சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான். மெச்சாதவள் என் மனைவி மட்டும். நான் ஏசி போடாததால் வியர்த்து வழிந்துகொண்டு, "உங்க சவத்து மைலேஜ்" என்பாள்.

அந்த மைலேஜிலேயே சகலை கை வைத்தான்.

"அண்ணே, இதுல பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. ராத்திரி போனு மாதிரி சார்ஜ் போட்டா முதல் அம்பது கிலோமீட்டர் கறண்டிலேயே ஓடும். அதுக்குப் பொறவுதான் பெட்ரோல். எல்லாம் சேத்துப் பாத்தா லிட்டருக்கு அறுபது கிட்டும்."

அறுபதாம்! அவ்வளவு பெரிய வண்டிக்கு!

"ஆனை கட்டித் தீனி போடுக மாதிரி இருக்கு. அறுபதாம்லா?" என்றேன். அவன் சிரித்தான். எனக்கு இன்னும் எரிந்தது.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அத்தை காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி கல்யாணத்துக்கு மாப்பிள இதிலயே போட்டும். பாக்கவும் சேலா, அழகா இருக்கு" என்றாள்.

தம்பி என்றது என் மைத்துனனை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மணமகனைக் கல்யாண மண்டபத்துக்கு மூத்த மருமகன்தான் தன் வண்டியில் ஓட்டிப் போக வேண்டும். சித்தப்பா மகன், பெரியப்பா மகன் என்று இதுவரை அந்தக் குடும்பத்து மாப்பிள்ளைகள் எல்லாம் என் வண்டியில்தான் போனார்கள். இப்போது வீட்டின் ஒரே பையனுக்குக் கல்யாணம், அதற்கு என் வண்டி இல்லை என்றால் எப்படி? வாயைத் திறந்து கேட்க ரோஷம் விடவில்லை. அதனால் மைலேஜைப் பிடித்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வட்டக்கோட்டைக்குப் போவோம். ரெண்டு வண்டியிலயும் டேங்க் நெறச்சுட்டுப் போவோம், வந்து திரும்ப நெறப்போம். எந்த வண்டிக்கு எண்ணெ கொறச்சு இறங்குகோ, அதுலதான் மாப்பிள போவான்."

விளையாட்டாகச் சொன்னதுபோலச் சொன்னேன். மாமா கைதட்டினார். சகலை, "உங்க இஷ்டம் அண்ணே" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலமே எல்லோரும் பூதப்பாண்டியில் கூடிவிட்டோம். அருமனையில் இருந்து வந்ததில் பேட்டரி தீர்ந்திருந்தது. சகலை முற்றத்து பிளக்கில் வயரைச் சொருகிவிட்டுப் படுக்கப் போனான். ஐப்பசி மாதம் அல்லவா, தாடகை மலைப் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது. நான் மல்லாந்து கிடந்து நாளைக்கு எந்த வழியில் போனால் மேடு குறைவு என்று யோசித்தேன்.

காலையில் ஆட்களை எடை பார்த்துப் பிரித்ததும் நான்தான். மாமாவும் மைத்துனனும் என் வண்டியில். என் மனைவியும் தங்கையும் அத்தையும் அவன் வண்டியில். என் மனைவி ஓடிப்போய் முன் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அவள் முகத்தில் ஏசிக் காற்று படுவதை நான் வெளியே நின்று பார்த்தேன். அதுவும் எரிந்தது.

கோட்டையில் கடலைப் பார்த்தேனா என்று கேட்டால் இல்லை. திரும்பி வந்து பெட்ரோல் பங்கில் டீசல் நிறைத்தபோது எனக்கு இரண்டரை லிட்டர் இறங்கியது. அவனுக்குப் பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருந்தது. நான்கரையையும் தாண்டியது. மைத்துனன் விசிலடித்தான். "எம்மா, அத்தானை அடிக்க ஆளில்ல!" என்றான். சகலை தலையைச் சொறிந்துகொண்டு, "தோத்தாச்சு அண்ணே, நீங்களே கொண்டு போங்கோ" என்றான்.

கல்யாணம் வரையிலான மூன்று வாரமும் நான் தரையில் நடக்கவில்லை. பார்த்தவனிடமெல்லாம் சொன்னேன். கல்யாணத்தன்று காலையில் என் வண்டியின் பானட்டில் பிச்சிப்பூ மாலை கட்டும்போதும் பூக்காரரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அறுபது தரும்னான் பாத்துக்கிடும். பன்னெண்டுகூடத் தரல்ல! கோடிக்கணக்குல கொட்டி வாங்குகது கூத்து காட்டவா?"

என் மனைவி பட்டுச் சேலையோடு வந்து என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"போதும், மானத்த வாங்காதியும். அன்னைக்கு அந்த வண்டியில சார்ஜே இல்ல."

"என்னது?"

"முந்துன ராத்திரி இடி முழங்கிச்சுல்லா. அம்மா எழும்பி டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸின்னு வீட்டில உள்ள எல்லா பிளக்கையும் ஊரினா. கூட அவரு வண்டி பிளக்கையும் ஊரிட்டா."

இடி கேட்டால் அத்தை பிளக்குகளைப் பிடுங்குவது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். காரையும் பிடுங்குவாள் என்று யாருக்குத் தோன்றும்?

"அவனுக்குத் தெரியாதா?"

"வண்டி எடுக்கும்போதே ஸ்கிரீன்ல சார்ஜ் இல்லன்னு காட்டிச்சு. தங்கச்சி சொல்ல வாயத் தொறந்தா. அவரு, 'மிண்டாத, அண்ணன் ஆசப்படுகாரு, கொண்டு போட்டும்'னாரு. அம்மா பேரும் வெளிய வராண்டாம்னாரு. நானும் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். நீரு இப்பிடித் தண்டோரா போட்டா என்ன செய்ய?"

அடப்பாவி. கார் மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷமே போய்விட்டது. அவன் மேல் வந்தது. காரை ஒருவேளை நானும் என்றைக்காவது வாங்கிவிடலாம். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் சார்ஜ் இல்லை என்று ஊரைக் கூட்டியிருப்பேன்.

மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்தான். நாகர்கோவில் மண்டபத்துக்குப் புறப்பட்டோம். கண்ணாடியில் பார்த்தேன். அந்த நீளக் கார் எனக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறியிருக்கும். நான் மைலேஜ் வேகத்தில் போனேன், அவனும் அப்படியே வந்தான். அகலமான இடம் பார்த்து ஓரம் ஒதுங்கி, முந்திப் போ என்று கையை வெளியே நீட்டிக் காட்டினேன்.

அவனும் வேகத்தைக் குறைத்தான்.

"என்ன அத்தான், வண்டி உருளுகு? முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்றான் மாப்பிள்ளை.

ஆக்சிலேட்டரை மிதித்தேன். என் வண்டி கரும்புகை விட்டது. அந்தப் புகைக்குள்ளும் அவன் பின்னாலேயே வந்தான். ஒருமுறை முந்திப் போயிருந்தால் அன்றைக்கே எனக்கு வயிற்றெரிச்சல் ஆறியிருக்கும்.