சூடு தாங்கும் கிளாஸ்

கண்ணாடிச் சாமான் விற்பவனுக்குக் கை நடுங்கக் கூடாது, வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பும் வரக் கூடாது. ஈப்போவில் ராவுத்தர் கடையில் விற்பனைக்கு நின்ற எனக்கு முதலாவது சீக்கிரம் கைவந்தது. இரண்டாவது எவ்வளவு கஷ்டம் என்பது, கடையில் நின்று பிழைக்கிற உங்களுக்கே தெரியும்.

கனம் கேட்டவர்

சங்கரலிங்கம், பக்கத்து ரப்பர் தோட்டத்து முச்சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். ஆபீஸில் வேலை பார்க்கிற கிராணிமாருக்கு மெல்லிய கிளாஸில் ஊற்றுவார். பால்வெட்டுக்காரர்களில் சிலரைச் சாதி சொல்லி ஒதுக்கி, ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டையிலேயே கொடுப்பார். இனி சிரட்டையில் குடிக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அவர்களுக்கென்று கனத்த கிளாஸ் கேட்டு வந்தார். பார்த்ததுமே வித்தியாசம் தெரிய வேண்டுமாம்.

கனத்த கிளாஸில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உள்பக்கம் சூடேறும்போது வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கும், விரிசல் விடும், மெல்லியதுதான் தாங்கும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போங்கண்ணே, கனமா இருக்கிறதே தாங்கலன்னா மெல்லிசு எங்க தாங்கப் போகுது?" என்று கனத்ததையே வாங்கிப் போனார்.

ஓசை கேட்டவர்

சங்கரலிங்கம் கடையில் தினமும் குடிக்கிற பெரிய கிராணி, வீட்டுக்குப் பட்டை தீட்டிய வெட்டுக்கண்ணாடி கிளாஸ் வாங்க வந்தார். நல்ல கண்ணாடி மணி போல ஒலிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மோதிரத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். சொன்னவர் மேல் தப்பில்லை, இவர் தட்டிய தட்டுதான் தப்பு. ஒன்று கையிலேயே உடைந்தது. மனிதர் பதறவே இல்லை. "இது மட்டமான சரக்கு தம்பி, சத்தத்துலயே கண்டுபிடிச்சிட்டேன்லா."

கலக்க வந்தவள்

பால்வெட்டுக்காரி மாரியாயி கையில் துணிக்கட்டோடு வாசலிலேயே நின்றாள். கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தாள். விடிகாலைக் குளிரில் சங்கரலிங்கம் ஊற்றிய தேத்தண்ணி, கனத்த கிளாஸ் பிளந்து அவள் கையில் கொட்டியிருக்கிறது. மற்றவையும் விரிசல் விட, அவர் மறுபடி சிரட்டையை எடுத்துவிட்டாராம். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

கிராணிமார் குடிக்கிற அதே மெல்லிய கிளாஸ் ஒன்று கேட்டாள். அச்சு அசலாக அதுதானா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டுக்கா என்று கேட்டேன். "இல்லண்ணே. நாளைக்கு இதுல குடிச்சிட்டு, கழுவி, அவரு கிளாஸுங்களோட சேத்துக் கவுத்துட்டு வந்துருவேன். நான் குடிச்சது எதுன்னு அவரே தேடட்டும்லா."

இப்போது அந்தக் கடையில் எல்லாருக்கும் மெல்லிய கிளாஸ்தான் என்றும், பெரிய கிராணி மட்டும் குடிக்கும் முன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார், எல்லாமே ஒரே ஓசைதான் தருகின்றன என்றும் கேள்வி.