அக்காவின் இடது கால்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்று கேட்டால், முதலில் என் மேல்தான்.

2009இல் என் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிதம்பரத்தில் எங்கள் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. “கேன்சர்னு காதுல உழுந்தா அன்னைக்கே ஒடஞ்சிடுவா. யாரும் வாயத் தொறக்கக் கூடாது” என்று மாமா, அக்காவின் வீட்டுக்காரர், உத்தரவு போட்டார். ஆபரேஷன் முடிந்ததும் சாதாரணக் கட்டி, எடுத்தாகிவிட்டது என்றோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிய மருந்து, கட்டி திரும்ப வராமல் இருக்க என்றோம். முடி கொட்டியபோது மருந்துச் சூடு என்றோம். பொய் சொல்வதில் என்ன ஒற்றுமை! ஒரு கல்யாணத்துக்குக்கூட நாங்கள் இப்படி ஒன்றுகூடியதில்லை.

போதாததற்கு அவளைக் கட்டிலை விட்டு இறங்கவும் விடவில்லை. தண்ணீர் மொள்ளப் போனால் யாராவது ஓடிவந்து குடத்தைப் பிடுங்குவார்கள். பாசமாம், பெரிய பாசம்.

ஒரு நாள் அவளுடைய இடது கெண்டைக்கால் வீங்கிப்போய், தொட்டால் சுட்டது. நான் அப்போது கடலூரில், மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தேன். லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தேன். நானும் மாமாவும் அவளைப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம்.

“வேற எதுனா வியாதி இருக்குதாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார். ஒரு கட்டி இருந்துச்சு, எடுத்தாச்சு” என்று வெள்ளந்தியாகச் சொன்னாள் அக்கா.

நான் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாமா என்னை முறைத்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். வெளியே வந்த பிறகாவது, எதையோ மறந்துவிட்டவள் போலத் திரும்ப உள்ளே போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் புத்திகூட எனக்கு வரவில்லை. டாக்டர் சுளுக்கு என்று மாத்திரையும் தைலமும் எழுதினார். வீட்டுக்கு வந்து நானே அந்தக் காலை அழுத்தி அழுத்தி நீவிவிட்டேன். இந்தக் கையை என்ன செய்தால் தகும்?

மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தவள் மூச்சு வாங்கி அப்படியே சரிந்தாள். அவள் கண்ணில் படாமல் வைத்திருந்த ஆஸ்பத்திரி ஃபைலையும் எடுத்துக்கொண்டு, கார் பிடித்துக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டரம்மா எங்களைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

“கேன்சர் இருக்குறவங்களுக்கு ரத்தம் சுலபமா உறைஞ்சிடும். ரத்தத்த உறைய வைக்கிறதுக்கு அந்தக் கட்டியே தூண்டிவிடும். அது மேல ஆபரேஷன், கீமோ வேற. அசையவிடாம படுக்க வெச்சிருக்கீங்க. கால்ல உறைஞ்ச ரத்தம் பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருக்குது. அந்தக் காலப் போயி யாராவது நீவுவாங்களா? மொதல்ல பாத்த டாக்டர்கிட்ட கேன்சர்னு சொல்லலியா?”

“அவளுக்கே தெரியாதுங்க” என்று முனகினார் மாமா.

“தெரியாம செத்தா பரவால்லியா?”



பிழைத்துக்கொண்டாள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வயிற்றில் ஊசி. எதற்கு என்று அவள் கேட்க, டாக்டரம்மா எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிட்டார். மாமா பயந்தபடி அவள் ஒன்றும் உடைந்துவிடவில்லை. ஃபைலை வாங்கி முதல் காகிதத்திலிருந்து படித்தாள். இதற்கா இத்தனை மாதம் பொய் சொன்னோம் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவள் படித்து முடித்து ஃபைலைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் திரும்பக் காட்டப் போனோம். அவளைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன்.

“நீ வெளியிலயே ஒக்காரு” என்றாள்.

“தொணைக்கு நானும் வரேங்க்கா.”

“எதுக்கு? அன்னைக்கும் பக்கத்துலதான ஒக்காந்திருந்த?”

ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.